மேலிருந்து பார்த்தால் எல்லாத் தரையும் சமம்தான்

அந்த வாய்க்காலின் ஆழம் ஒரு முழம்தான். நீளமாக ஓர் எட்டு வைத்தால் தாண்டிவிடக்கூடிய அகலம். ஆனால் தரையிறங்கி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு விமானத்தின் இடது சக்கரம் அதற்குள் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நான் பைலட் இருக்கையில் உட்கார்ந்தபடியே பார்த்தேன். ஒரு பெரிய தட்டு, அரைச் சுற்று சுழற்சி, ப்ரொபெல்லர் மண்ணைக் கிளறிய சத்தம், அப்புறம் முழு அமைதி. எனக்கும் பக்கத்தில் இருந்தவருக்கும் தோள் பெல்ட் அழுத்திய கன்றலைத் தவிர வேறு காயமில்லை. சக்கரத்தின் கால் வளைந்துவிட்டது. ப்ரொபெல்லர் இலைகள் இரண்டும் மடங்கிவிட்டன. ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ரொபெல்லர் தரையில் அடித்ததால் எஞ்சினையும் கழற்றி உள்ளே சோதிக்க வேண்டியதாகிவிட்டது.

இறங்குவதற்கு முன் அந்தப் புல்வெளியை நான் ஏழு நிமிடம் சுற்றிப் பார்த்திருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவசரத்தில் இறங்கவில்லை, எஞ்சின் நிற்கவில்லை, காற்றும் தொந்தரவு செய்யவில்லை. நன்றாகப் பார்த்துத்தான் இறங்கினேன், அப்படியும் இது நடந்தது.

மறுநாள் எனக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சக்கரத் தடத்திலேயே நடந்தார். வாய்க்காலுக்குப் பத்தடி முன்னால் நின்று, "இங்க உட்கார்ந்து பாருப்பா" என்றார். உட்கார்ந்து பார்த்தேன். வெளியே புல் முழங்கால் உயரம். வாய்க்காலுக்குள் ஈரம் இருந்ததால் அங்கே மட்டும் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது, ஆனால் அடியில் பள்ளம் என்பதால் இரண்டின் நுனியும் கத்தரித்து விட்டதுபோல ஒரே மட்டத்தில் நின்றது. கையால் விலக்கிப் பார்த்தால்தான் பள்ளம் தெரிந்தது. மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் அது விரித்த ஜமுக்காளம்தான்.

ஆனால் நிறம் வேறாக இருந்தது. உள்ளே இருந்த புல் ஒரு படி அதிகக் கரும்பச்சை. அந்தக் கோட்டை நான் மேலிருந்து பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ வண்டி போன தடம் என்று நானாகவே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விட்டேன். அதற்குள் எனக்கு அந்த இடம் பிடித்துப்போயிருந்தது. இடம் பிடித்துப்போன பிறகு கண் குறையைத் தேடுவதில்லை, கண்ணில் பட்ட குறைக்கும் மனசு சமாதானம் சொல்லிவிடுகிறது.

"இறங்கலாமான்னு கேட்டுக்கிட்டுச் சுத்தாதே, ஏன் இறங்கக்கூடாதுன்னு கேட்டுச் சுத்து" என்றார் அவர். விமான நிலையம் இல்லாத இடத்தில் இறங்குவதைப் பற்றி அதற்குப் பிறகு நான் படித்தது, செய்தது எல்லாமே இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும். இனிமேல் எழுதுவது அதை நடைமுறையில் எப்படிச் செய்கிறேன் என்பதுதான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதை வாசித்துவிட்டுத் தனியாகப் போய் முயற்சி செய்யாதீர்கள். தாழப் பறந்து பார்ப்பது தனிப் பயிற்சி, பக்கத்தில் பழகிய ஆள் வேண்டும். நிலம் யாருடையதோ அவருடைய அனுமதியும் வேண்டும், எவ்வளவு தாழப் பறக்கலாம் என்பதற்கு நீங்கள் பறக்கும் நாட்டின் சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் இடத்தைப் பார்ப்பேன். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களையும் வரிசையாகத் திறக்கலாம், அந்த வசதி எனக்கு ரொம்ப உதவுகிறது. கோடையில் கட்டாந்தரையாகத் தெரிகிற இடம் மழைக்காலப் படத்தில் குளமாக இருக்கும். மின்கம்பம் படத்தில் தெரியாது, ஆனால் அதன் நிழல் தெரியும், ஒரே இடைவெளியில் ஊசி ஊசியாக நிழல் விழுந்திருந்தால் அங்கே கம்பி போகிறது என்று குறித்துக்கொள்வேன். படம் எடுத்தபின் எது வேண்டுமானாலும் மாறியிருக்கலாம் என்பதால் படம் சொல்வதில் ஒரு பாதியை மட்டும்தான் நம்புகிறேன். அங்கே ஆபத்து இருக்கிறது என்று படம் சொன்னால் நம்புவேன், ஒன்றும் இல்லை என்று சொன்னால் நம்பமாட்டேன்.

இடத்துக்கு மேலே போனதும் மூன்று உயரத்தில் பார்க்கிறேன், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு கேள்வி. சுமார் 1,000 அடி உயரத்தில் தரையைப் பார்ப்பதே இல்லை. காற்று எங்கிருந்து வருகிறது, கம்பி எங்கே இருக்கிறது, உள்ளே வர வழி எது, வேண்டாம் என்று முடிவு செய்தால் வெளியே போக வழி எது, சுற்றும்போதே எஞ்சின் நின்றால் எங்கே போவேன், இவ்வளவுதான். அடுத்து 300 முதல் 500 அடி வரை, அங்கே நீளம், சரிவு, நிறம். கடைசியாகத் தாழ ஒரு சுற்று. அதில் கல், குழி, கட்டை, புற்று, ஆடுமாடு. தாழப் போகும்போது நேராக அந்தப் பாதைக்கு மேலே பறந்தால் மூக்கு மறைத்துவிடும், ஒன்றும் தெரியாது. நான் இடது இருக்கையில் இருப்பதால் பாதைக்கு வலப்பக்கமாகப் பறந்து, இடது ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறேன். ஒவ்வொரு சுற்றிலும் மேலே ஏறிய பிறகுதான் யோசனை. தாழ இருக்கும்போது பறப்பது, பார்ப்பது, இரண்டு வேலை போதும்.

கம்பியைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன், ஏனென்றால் வாய்க்கால் விமானத்தைத்தான் உடைக்கும், கம்பி ஆளைக் கொன்றுவிடும். கம்பியைத் தேடாதீர்கள், கம்பத்தைத் தேடுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும் என்று நம்புகிறவர் கடைசி நொடியில்தான் அதைப் பார்ப்பார். வெயிலும் மழையும் பட்ட அலுமினியக் கம்பி சாம்பல் நிறமாகி வானத்தோடு கலந்துவிடும், பழைய செம்புக் கம்பி பச்சை ஏறி மரத்தோடு கலந்துவிடும். கம்பத்தைக் கண்டால் அதன் தலையைப் பார்க்க வேண்டும். குறுக்குக் கட்டை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறதோ, கம்பி அதற்குச் செங்குத்தாகப் போகும். கம்பத்தைச் சாய்வாக இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பி ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மின்கம்பி அதற்கு எதிர்ப்பக்கமாக இழுக்கிறது, அதாவது அந்த இடத்தில் அது திரும்புகிறது அல்லது முடிகிறது. வீடு, கொட்டகை, மோட்டார் அறை, எது தெரிந்தாலும் அங்கே மின்சாரம் எப்படியோ வந்து சேர்கிறது, அந்த வழியைக் கண்டுபிடிக்கும் வரை அந்தப் பக்கம் தாழப் போகக்கூடாது. காட்டுக்குள் மரங்களை நேர்கோட்டில் வெட்டியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். பெரிய உயர் அழுத்தக் கோபுரங்களில் இன்னொன்று உண்டு. மின்சாரம் போகும் தடித்த கம்பிகளுக்கும் மேலே, கோபுரத்தின் உச்சியில் இடி தாங்குவதற்காக மெல்லிய கம்பி ஒன்று ஓடும். தடித்த கம்பியைப் பார்த்து, அதற்கு மேலே ஏறித் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிற உயரத்தில் அந்த மெல்லிய கம்பி இருக்கும். அதனால் கடந்தே ஆக வேண்டும் என்றால் கோபுரத்துக்கு நேர் மேலேதான் கடக்கிறேன், அங்கேதான் எது உச்சி என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

பள்ளத்தாக்குக்குள் ஒரு முறை போனபோது இரண்டு பக்கச் சரிவிலும் ஆளுக்கொரு கம்பம் நின்றது. நடுவில் ஒன்றும் தெரியவில்லை. அங்கே கம்பி இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, இருக்கிறது என்று வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

வேலியும் கம்பிதான், தாழ்ந்திருக்கிற கம்பி. ஒற்றைக் கம்பி வேலியை 500 அடியிலிருந்து பார்க்கவே முடியாது, ஆனால் ஆடுமாடு ஒரு பக்கம் மேய்ந்து மறுபக்கம் மேயாமல் இருந்தால் புல்லின் நிறம் கோடு போட்டதுபோல மாறும். இயற்கையில் நேர்கோடு அபூர்வம். தரையில் எங்கே நேர்கோடு தெரிந்தாலும், அது ஏன் நேராக இருக்கிறது என்று பதில் கிடைக்கும் வரை விடக்கூடாது என்பதை என் இடது சக்கரத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

நிறம்தான் தரையின் பாஷை. சுற்றியிருப்பதைவிட அதிகப் பச்சையாக இருந்தால் அங்கே ஈரம், ஈரம் என்றால் சக்கரம் புதையும். மணலும் மண்ணும் கருத்துத் தெரிந்தால் பெரும்பாலும் ஈரம்தான், வெளிறியிருந்தால் மேற்பரப்பாவது காய்ந்திருக்கிறது. மேலே காய்ந்த ஓடு, கீழே சேறு என்றும் இருக்கும், அதை நிறம் காட்டிக்கொடுக்காது. ஆற்றுத் திட்டுகளில் மேல்முனையில், அதாவது தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்தில், பொதுவாகப் பெரிய கற்கள் தங்கும். கீழே போகப்போகக் கல் சிறுத்து, வால்பகுதியில் நைஸ் மணலும் வண்டலும் சேரும். மேலே கல் ப்ரொபெல்லரையும் வால் சக்கரத்தையும் பதம் பார்க்கும், கீழே மணல் சக்கரத்தை விழுங்கும், நடுவில் கூழாங்கல் சீராக இருக்கிற துண்டுதான் நமக்கு வேண்டியது. தனித்தனிக் கல்லாக எண்ண முடிகிற அளவுக்கு ஒரு திட்டு மேலிருந்து தெரிந்தால், என் சிறிய டயருக்கு அது வேண்டாம் என்று விட்டுவிடுவேன். பெரிய, காற்றுக் குறைந்த டயர் போட்டவர்களின் கணக்கு வேறு.

வெளிச்சமும் ஏமாற்றும். உச்சி வெயிலில் நிழல் இல்லை, நிழல் இல்லாவிட்டால் மேடுபள்ளம் இல்லை. நான் வாய்க்காலில் விழுந்தது நண்பகலில்தான். அதே வெளியை இன்னொரு நாள் சூரியன் சாய்ந்த நேரத்தில் மேலிருந்து பார்த்தேன், வாய்க்கால் கன்னத்தில் விழுந்த தழும்புபோலப் பளிச்சென்று தெரிந்தது. அதற்காக மாலையில்தான் இறங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சாய்ந்த சூரியனுக்கு எதிராக வந்தால் கண் கூசும், கம்பியும் மறையும். பார்ப்பதற்கு ஒரு நேரம், இறங்குவதற்கு ஒரு நேரம் என்று வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது.

காற்றைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. புகை, தூசி, இலைகளின் வெளிறிய பின்பக்கம், குளமாக இருந்தால் எந்தக் கரையோரம் தண்ணீர் அலையில்லாமல் கிடக்கிறதோ அந்தக் கரையிலிருந்து காற்று வருகிறது. ஆனால் காற்றைத் தப்பாகப் புரிந்துகொண்டால் என்ன விலை என்பதைக் கணக்காகப் பார்த்துவிடுவது நல்லது. 50 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் தரை தொடுகிற விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் தரையில் 40 நாட் வேகத்தில் ஓடும், அதே காற்று பின்னால் இருந்து வந்தால் 60. ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும், ஆனால் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் இரண்டேகால் மடங்கு.

நீளத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை நான் நிறுத்திவிட்டேன். சுற்றி மரம் உயரமாக இருந்தால் வெளி சின்னதாகத் தெரியும், புதர் மட்டும் இருந்தால் பெரிதாகத் தெரியும். அதற்குப் பதில் எண்ணுகிறேன். 60 நாட் என்பது நொடிக்குச் சுமார் 100 அடி, அதனால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நொடி பிடித்தால் 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர். காற்றோடு ஒரு தடவை, காற்றுக்கு எதிராக ஒரு தடவை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும், ஒரு தடவையோடு நிறுத்தினால் காற்று நம் கணக்கைக் கெடுத்துவிடும். சரிவையும் கண்ணால் பார்க்க முடியாது. ஏறுமுகமான தரையை நோக்கி வரும்போது நாம் ரொம்ப உயரத்தில் இருப்பதுபோல ஒரு மயக்கம் வரும், அதை நம்பி இறக்கினால் முன்னாலேயே தரையில் மோதுவோம். நான் தரையிலிருந்து ஒரே உயரம் வைத்து இரண்டு முனைக்கும் போய், உயரம் காட்டும் அல்டிமீட்டர் எவ்வளவு மாறுகிறது என்று பார்க்கிறேன்.

இதெல்லாம் இறங்குவதற்கான கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். பல சிறு விமானங்கள் இறங்குவதற்குத் தேவைப்படும் தூரத்தைவிடக் கிளம்ப அதிகத் தூரம் கேட்கும். உள்ளே போகத் தெரிந்து வெளியே வரத் தெரியாமல் மாட்டிக்கொள்கிற இடங்கள் இப்படித்தான் உருவாகின்றன. பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் கொடுத்திருக்கிற பெருக்கல் எண்களைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். கிளம்புவதற்குக் காய்ந்த புல்லில் 1.2, ஈரப் புல்லில் 1.3, மென்மையான தரையில் 1.25 அல்லது அதற்கு மேல், 2 சதவீத ஏற்றத்துக்கு 1.1. இவற்றைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். காய்ந்த புல், கொஞ்சம் மென்மை, கொஞ்சம் ஏற்றம் என்று மூன்றும் சேர்ந்தால் 1.2, 1.25, 1.1 மூன்றையும் பெருக்கி 1.65. விமானத்தின் கையேட்டில் கிளம்பும் தூரம் 300 மீட்டர் என்று இருப்பது 495 மீட்டர் ஆகிவிடும், அதுவும் வெப்பத்தையும் உயரத்தையும் இன்னும் சேர்க்காமலே. இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால் தரை தங்கமாக இருந்தாலும் இறங்கமாட்டேன்.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது விமானத்தை ஓட்டுகிறவர் யார் என்பதுதான் பெரிய ஆபத்து. தாழ, மெதுவாக, தலையைத் திருப்பித் தரையில் ஒரு புள்ளியையே பார்த்துக்கொண்டு வளைவை இறுக்கிக்கொண்டே போனால் ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் கைவிட்டுவிடும், அந்த உயரத்தில் மீள இடமில்லை. உயரம் குறையாமல் 45 டிகிரி சாய்ந்து திரும்பினால் ஸ்டால் வேகம் சுமார் 19 சதவீதம் கூடும், 60 டிகிரியில் 41 சதவீதம். அதனால் தாழ்ந்த சுற்றை நேர்கோட்டில் மட்டுமே பறக்கிறேன். திரும்புவதெல்லாம் மேலே ஏறிய பிறகு, சாய்வு 30 டிகிரிக்கு மேல் போகாமல். ஏதாவது கண்ணில் பட்டுத் தப்பிவிட்டால் கழுத்தைத் திருப்பித் தேடுவதில்லை, இன்னொரு சுற்று வருவேன், பெட்ரோல் செலவானால் ஆகட்டும். எஞ்சின் இல்லாத கிளைடர் ஓட்டுகிறவர்களுக்கு இந்த வசதியே இல்லை, அவர்களால் மறுபடி மேலே போக முடியாது, அதனால் வயலை உயரத்திலேயே தேர்ந்தெடுத்துவிட்டு அப்புறம் மனசை மாற்றாமல் இருக்கப் பழகுகிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசியதில் நிறத்தைப் பற்றி எனக்கு நிறையத் தெரிந்தது.

எல்லாம் சரியென்று தோன்றிய பிறகும் ஒரு சோதனை பாக்கி. பறக்கும் வேகத்தைக் குறைக்காமல், எடையை இறக்கை சுமந்துகொண்டிருக்கும்போதே, சக்கரத்தை மட்டும் மெதுவாகத் தரையில் உரசிவிட்டு மேலே ஏறுவது. முன்னால் போக வழி திறந்திருந்தால்தான் இதைச் செய்யலாம், பயிற்சி இல்லாமல் செய்யவே கூடாது. உரசும்போது சக்கரம் இழுக்கிறதா என்று உடம்பிலேயே தெரியும். சுற்றி வந்து அந்தத் தடத்தைப் பார்க்க வேண்டும். ஒரு முறை ஆற்றோரத் திட்டு ஒன்றில் நான் போட்ட தடம் முதல் பார்வைக்கு வெறும் கோடாக இருந்தது. வெளிறிய மணலில் இரண்டு மெல்லிய கோடு, அவ்வளவுதான், சந்தோஷமாகிவிட்டது. இறங்கலாம் என்று திரும்பும்போது ஆசிரியர் சொன்னது நினைவுக்கு வந்து இன்னொரு தடவை மேலே சுற்றினேன். இரண்டு நிமிடத்துக்குள் கோடுகள் கருத்துவிட்டன. அடுத்த சுற்றில் அவற்றில் வானம் மின்னியது. அடியிலிருந்து தண்ணீர் ஊறி தடத்தில் நின்றிருந்தது. எடையில்லாமல் உரசியதற்கே அப்படி என்றால், முழு எடையோடு நின்றிருந்தால் அச்சு வரைக்கும் புதைந்திருப்போம். அன்று இறங்காமல் திரும்பியதில் எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை, இறங்கிய பல நாட்களைவிட அந்த நாள்தான் நன்றாக நினைவில் இருக்கிறது.

இறங்கிவிட்டால் பார்த்து முடித்துவிட்டோம் என்று பலர் நினைக்கிறார்கள். விமானம் நின்றதும் நான் முதலில் செய்வது நடப்பது. கிளம்பும்போது ஓடப்போகிற வழி முழுவதும், சக்கரம் போகும் கோட்டிலேயே போய்த் திரும்புவேன். குதிகாலால் அழுத்திப் பார்ப்பேன், காலடியால் நீளத்தை அளப்பேன், பாதித் தூரத்தில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டி வைப்பேன். அந்தத் துணியைத் தாண்டும்போது தரை விட்டெழும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும், வராவிட்டால் யோசிக்காமல் பவரைக் குறைத்து நிறுத்திவிட வேண்டும், மீதிப் பாதி அதற்குத்தான்.

போன முறை அப்படி நடந்தபோது, நான் இறங்கிய தடத்திலிருந்து ஆறு காலடி தள்ளிப் புல்லுக்குள் காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் துருப்பிடித்த பழைய வேலிக் கம்பி, சுருள் சுருளாக, பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. மூன்று உயரத்தில் பார்த்தேன், தாழ இரண்டு சுற்று வந்தேன், எதிலும் அது தெரியவில்லை, தெரிந்திருக்கவும் முடியாது. இறங்கும்போது காற்று என்னைக் கொஞ்சம் தள்ளியிருந்தால் வால் சக்கரத்தில் சுற்றியிருக்கும். கையுறை போட்டுக்கொண்டு அரைமணி நேரம் இழுத்து அதை மண்ணிலிருந்து பிடுங்கினேன். வெளியின் ஓரத்தில் இருந்த மரத்தடியில் சுருட்டி வைத்து, அடுத்து வருகிறவர் கண்ணில் படட்டும் என்று துணித் துண்டு ஒன்றை அதில் கட்டினேன். அப்புறம் விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்க ஆரம்பித்தேன், வழியில் இன்னும் பாதி மீதி இருந்தது.